அஷ்டமி நவமி கழியட்டும் என்று வைத்திருந்த ஐந்து படிவங்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மகள் அதில் பூ வரைந்துவிட்டாள். இன்னொன்று வாங்கினேன். அதில் வேனுக்கு எண்ணெய் மாற்றிய தேதிகளை எழுத ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் என்னைத் தடுத்தது புத்தகம் இல்லை, வெட்கம். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும், பிறகு டவுன் பள்ளியில் மூன்று ஆண்டும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற தப்பைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக்கில். முன்பு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தேன். முட்டி வலி வந்த பிறகு அதை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினேன். மூத்தவன் ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். அவன் பிறந்து பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் மகள். பிறந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார், இவள் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள் என்று. மெதுவாகத்தான் கற்றுக்கொண்டாள். நடக்க, பேச, பட்டன் போட. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் விடமாட்டாள். விபூதி வைத்துக்கொள்ளாமல் வாசல் தாண்டமாட்டாள். என்னையும் தாண்ட விடமாட்டாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் புரியும். அவளை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது ராகு காலத்தில். அலுவலகத்தில் வரிசை நீண்டுபோய், என் முறை வந்தபோது மணி அப்படி ஆகிவிட்டது. மூன்றே மாதத்தில் அந்தப் பள்ளி அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. இரண்டு வருஷம் அவள் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு நல்ல நேரம் பார்க்காமல் அவள் விஷயத்தில் பேனாவைத் தொடுவதில்லை என்று முருகன் முன்னால் சொல்லிக்கொண்டேன். பிறகு ஆரம்பப்பள்ளி முடித்து, லாபிஸ் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. அன்று வளர்பிறைப் பஞ்சமி. எல்லாம் நல்லபடியாக நடந்தது. அதனால் என் நம்பிக்கை கெட்டிப்பட்டது.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அது அரசாங்கப் பள்ளி. அதன் பின்கட்டில், பட்டறைக்குப் பக்கத்தில், சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கு இரண்டு அறைகள். அதில் ஓர் அறை பெரிய பிள்ளைகளுக்கு. பதினாறு, பதினேழு வயதானவர்களைப் பள்ளியிலிருந்து வேலைக்குப் பழக்கும் வகுப்பு. அங்கே எழுத்துப் பாடம் குறைவு. துணி துவைத்து மடிப்பது, ரொட்டி சுடுவது, மிளகாய்ச் செடி வளர்ப்பது, மணி பார்ப்பது, யாராவது திட்டினால் அழாமல் நிற்பது, இவைதான் பாடம். அந்த வகுப்பை நடத்தியவர் ஒரு மலாய் ஆசிரியை. மூவாரிலிருந்து வந்த இளம்பெண். நாங்கள் எல்லோரும் அவரை சிக்கு என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் டீச்சர் என்று அர்த்தம். அவர் என்னை அங்கிள் என்பார்.

அவருக்குத் துணையாக ஓர் உதவியாளர் இருந்தார், நம்ம தமிழ்ப் பெண். பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவது, சட்டை மாற்றுவது, ஓடிப்போகிறவர்களைப் பிடித்து வருவது எல்லாம் அவர் வேலை. லாயாங் லாயாங்கில் வீடு. வாரம் முழுவதும் லாபிஸில் அறை எடுத்துத் தங்கி, வியாழன் சாயங்காலம் ரயில் ஏறிப் போவார். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி உண்டு. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைதான் பெரிய நாள். அன்று உதவியாளர் பிள்ளைகளை டவுனில் உள்ள ஒரு சீனர் ரொட்டிக் கடைக்கு அழைத்துப் போவார். கடைக்காரர் அவர்களுக்குப் பின்னறையில் மேசை போட்டுக் கொடுத்திருந்தார். என் மகளின் வேலை கேக் பெட்டி மடிப்பது. தட்டையாக வரும் அட்டையை நாலு இடத்தில் மடித்து, காதைச் சொருகி, பெட்டியாக அடுக்க வேண்டும். ஒன்றை மடிக்க முதலில் கால் மணி நேரம் எடுத்தாள். ஒரு வருஷத்தில் கடைக்காரரின் மனைவியைவிட வேகமாக மடித்தாள். கடைக்காரர் ஒரு நாள் என்னை வேன் கதவருகே நிறுத்தி, பள்ளி முடிந்ததும் இவளை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, அதுவரைக்கும் இன்னும் ஒரு வருஷம் அந்த உதவியாளரோடு வந்து பழகவேண்டும், அடுப்புப் பக்கம் போகாமல் இருக்கப் பழகவேண்டும். அன்று வீடு வரும் வழியில் நான் வேனை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். மகள் என் தோளைத் தட்டி, “ப்பா, எண்ணெ முடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சம்பளம் வருமா, எவ்வளவு என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. நானும் மனைவியும் இல்லாத காலத்தில் காலையில் எழுந்து போக அவளுக்கு ஓர் இடம் இருக்கும். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தில்தான் எல்லாம் இருந்தது.

வகுப்பில் முன்பு ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். கோவிட் வந்து பள்ளி மூடித் திறந்தபோது நால்வர் திரும்பி வரவில்லை. ஒருவனுக்கு வயது முடிந்துவிட்டது. ஒரு குடும்பம் வேலை தேடி ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு பேரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஐந்து. ஐந்து பேரும் என் வேனில்தான் வந்தார்கள். இருவர் பெக்கோக், இருவர் பக்கத்துத் தோட்டங்கள், ஒரு சீனப் பிள்ளை லாபிஸ் போகும் வழியில்.

பிள்ளைகள் குறைந்தால் மற்றதும் குறையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தலைக்கு இவ்வளவு என்றுதான் அரசாங்கம் பணம் கொடுக்கிறதாம். ரொட்டி சுடும் அடுப்பு பழுதானது. பணம் வரட்டும் என்றார்கள், வரவில்லை. ஆசிரியை தன் வீட்டுச் சின்ன அடுப்பைக் கொண்டு வந்து வைத்தார். மாவை நாங்கள் பெற்றோர்கள் முறை வைத்து வாங்கிக் கொடுத்தோம். இன்னோர் ஆசிரியர் இருந்தார், அவர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. உதவியாளர் ஒரு நாள் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும்போது சொன்னார், “அண்ணே, அடுத்து என்னோட சீட்டுதான். அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா என்னைய வேற ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்ருவாங்க.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஆண்டு முடியும் சமயம் அது. எங்கள் ஐந்து பிள்ளைகளும் இன்னும் ஓர் ஆண்டு அந்த வகுப்பில் தொடரலாம் என்று அனுமதி இருந்தது. ஆனால் தானாகத் தொடர முடியாது. பெற்றோர் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து ஆசிரியை பெயர்களைக் கணினியில் பதிய வேண்டும். ஐந்து பெயர் பதிந்தால் வகுப்பும் உதவியாளரும் புதன்கிழமையும் இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளைகளை சிகாமட்டில் ஒரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆசிரியை ஐந்து படிவங்களையும் ஒரே பழுப்பு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். எல்லா வீட்டுக்கும் போகிறவன் நான்தானே. பிள்ளைகளின் பையில் வைத்தால் பாதி காணாமல் போகும். வியாழக்கிழமைக்குள் வேண்டும் அங்கிள் என்று மலாயில் தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். கேட்கவில்லை, புரியவில்லை என்று யாரிடமும் நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, கோயிலில் கொடுத்த தினசரி நாள்காட்டியைப் பார்த்தேன். புதன் அஷ்டமி. வியாழன் சாயங்காலம் வரை நவமி. அன்றைய செவ்வாயிலும் பொழுது சாய்ந்துவிட்டிருந்தது, விளக்கு வைத்த பிறகு நான் கையெழுத்துப் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை தசமி. வெள்ளியும் தசமியும் சேர்ந்த நாளைவிட என்ன நல்ல நாள் வேண்டும்? ஞாயிறு காலையில் பள்ளி திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சர்க்கார் காரியத்தில் இன்றைக்கு என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம் என்பது என் ஐம்பது வருஷத்து அனுபவம். இடையில் ஒரு வேலை நாள்கூட இல்லையே, இரண்டும் விடுமுறைதானே என்று கணக்குப் போட்டேன். உறையை முருகன் படத்தின் கீழே, வேலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என் மனைவி சாமி மேடையைத் துடைக்க வந்தவள் உறையைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் என்னைவிட அதிகமாக விரதம் இருக்கிறவள். இருந்தும் சொன்னாள், “கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துருங்க. அஷ்டமின்னு நாளைக்கு வேன் ஓட்டாம இருக்கப் போறீங்களா?”

“அது நடக்கிற காரியம். இது ஆரம்பிக்கிற காரியம்,” என்றேன்.

“அவளுக்கு ஆரம்பிச்சு எத்தன வருஷம் ஆச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை வேன் ஓட்டினேன். பிள்ளைகள் ரொட்டிக் கடைக்குப் போனார்கள், வந்தார்கள். தோட்டத்துத் தாய் ஒருத்தி வேன் வந்து நின்றதும் ஓடி வந்து, “அண்ணே, ஏதோ கையெழுத்துப் பாரம் வந்திருக்காமே, குடுங்க, இங்கயே போட்டுத் தர்றேன்” என்று பேனாவை நீட்டினாள். ஆசிரியை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க, எல்லோரும் சேர்ந்து சாமி முன்னால் போடலாம் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு போனாள். இதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எண்ணிக்கை இல்லை.

வியாழன் காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆசிரியை போனில் கூப்பிட்டார். படிவங்கள் எங்கே என்று கேட்டார். எனக்கு அஷ்டமி நவமியை ஒரு மலாய்ப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிரிப்பாரோ என்று கூச்சம். இப்போது நினைத்தால் அவர் சிரித்திருக்கமாட்டார். அவரும் தொழுகிறவர், நோன்பு இருக்கிறவர். அப்போது அது தோன்றவில்லை. ஒரு வீட்டில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை சிக்கு, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்துவிடுகிறேன் என்று பொய் சொன்னேன்.

அதற்கு அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். அவர் பேசியது மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். “அங்கிள், இன்னைக்குப் பன்னண்டு மணிக்குக் கணினியில பதியறது மூடிடும். எல்லாரும் சம்மதம்தான்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நான் இப்பவே அஞ்சு பேரையும் போட்டுடறேன். தாளை ஞாயிற்றுக்கிழமை குடுங்க.”

அவர் தன் வேலையை என் வாய் வார்த்தையில் வைக்கத் தயாராக இருந்தார். ஐந்து பேரும் சம்மதம் என்பது எனக்குத் தெரியும். ஆமாம் என்று மலாயில் ஒரு ‘யா’ சொன்னால் போதும். ஆனால் அப்போது நவமி. வாயால் சொல்வதும் ஆரம்பிப்பதுதான் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. இன்னொரு பக்கம், ஒரு வீட்டில் கேட்கவில்லை என்று இப்போதுதான் சொன்னேன், உடனே எல்லோரும் சம்மதம் என்றால் பொய் தெரிந்துவிடுமே. கையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“தெரியாது சிக்கு. ஞாயிறு,” என்றேன்.

சரி அங்கிள் என்று சொல்லி வைத்துவிட்டார். கோபம் இல்லை, அவசரம்தான். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போய் உறை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மனைவி பூ வைத்திருந்தாள். பன்னிரண்டு மணி ஆகும்போது நான் வேனின் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைப்பதற்கு முன்பே, கோயில் மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் கூடினோம். சீனப் பிள்ளையின் தாத்தாவும் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துப் பார்த்து அவரும் கும்பிட்டார். அர்ச்சனைத் தட்டில் உறையை வைத்துப் பூசை செய்து வாங்கினோம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம். எழுதத் தெரியாத ஒரு தகப்பனாருக்கு நான் கட்டைவிரலில் மை தடவி விட்டேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் துளி குங்குமம் வைத்தேன். பிள்ளைகள் சுண்டல் சாப்பிட்டார்கள். அன்று அங்கே இருந்தவர்களில் யாரைக் கேட்டாலும் அது நல்ல நாள் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வியாழன் போன் பேசியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆசிரியை என் கையிலிருந்து உறையை வாங்கித் திறந்து பார்த்தார். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குங்குமம் அவர் விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை. வியாழன் என்னோடு பேசிய பிறகு அவர் குழுவில் கேட்டபோது இரண்டு வீட்டார்தான் நேராகப் பதில் எழுதியிருந்தார்களாம். அந்த இரண்டு பெயரைத்தான் அவரால் பதிய முடிந்தது. பதிவை மறுபடியும் திறந்து விடுவார்களா என்று கேட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்றார். எழுதினார். நான்கு தடவை எழுதினார் என்று உதவியாளர் பின்னால் சொன்னார்.

நான் சும்மா இருக்க முடியாமல் படிவங்களின் நகலை எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். போவதற்கு நல்ல நேரம் பார்க்கவில்லை. முருகன் முன்னால் சொன்ன பிறகு முதல் தடவையாகப் பார்க்கவில்லை. அங்கே இருந்த அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வகுப்பின் பெயருக்கு நேரே இரண்டு என்று இருந்தது. இதை நான் திறக்க முடியாது, இதைத் திறக்கிறவர்கள் புத்ராஜெயாவில், அமைச்சில் இருக்கிறார்கள் என்றார். வியாழக்கிழமை ஐந்து என்று இருந்திருந்தால் வகுப்பு நிலைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சொல்ல முடியாது அங்கிள் என்றார். சின்ன வகுப்புகளைச் சேர்த்துவிடும் பேச்சு முன்பே இருந்தது, உதவியாளர்கள் போதாமல் வேறு பள்ளிகள் கேட்டுக்கொண்டிருந்தன, ஐந்து இருந்திருந்தால் ஒருவேளை ஓர் ஆண்டு தள்ளிப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

இந்தப் பதில்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. என்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். என்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் வழி இல்லாமல் வெளியே வந்து, வேன் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு நின்றேன். கையில்தான் இருந்தது.

வகுப்பை சிகாமட் பள்ளியோடு சேர்த்தார்கள். உதவியாளரைக் குளுவாங் பக்கம் மாற்றினார்கள். அவருக்கு வீடு பக்கம் ஆனது, அது ஒன்றுதான் நல்லது. எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் சிகாமட் போகவில்லை. அவ்வளவு தூரம் இந்தப் பிள்ளைகள் தினமும் வேனில் உட்கார முடியாது. ஒருத்திக்கு வலிப்பு வரும். ரொட்டிக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். பள்ளி ஆள் கூட இல்லாமல் அடுப்பு இருக்கிற இடத்தில் இவளை வைத்துக்கொள்ளத் தனக்குப் பயமாக இருக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். நியாயம்தான். நான் கூட உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். காலையும் மத்தியானமும் மற்றப் பிள்ளைகளை ஏற்றுகிறவன் எப்படி உட்காருவாய் என்று அவரே கேட்டார். போகும்போது மகளுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தனுப்பினார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

வகுப்பு மூடிய செய்தி வந்த வாரம், பெக்கோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பெற்றோர்கள் சிலர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு ஆசிரியை மேல் திரும்பியது. பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு போன அதே தாய் சொன்னாள், “நாம வெள்ளிக்கெழமையே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். அந்தப் பொண்ணு போடல. அவங்களுக்கு நம்ம பிள்ளைங்க சொமை லா. பாரத்தத் தூக்கி மேசையில போட்டுட்டு லீவு போயிருக்கும்.” இன்னொருவர், ஆமாம், மாற்றல் கேட்டிருப்பாள், அதற்குத்தான் வகுப்பை மூட விட்டாள் என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்குப் போய் வருகிறவன் நான்தான், எனக்குத்தான் தெரியும்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க.”

நான் டீயை ஆற்றினேன். ஏற்கெனவே ஆறிப்போன டீ. “என்னத்தச் சொல்றது,” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. நான் ஆமாம் என்று சொன்னதாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பெக்கோக்கில், தோட்டங்களில், லாபிஸ் வரைக்கும் கதை அப்படித்தான் போனது. மலாய் ஆசிரியை நம் பிள்ளைகளின் படிவத்தைப் போடாமல் வகுப்பை மூடிவிட்டாள் என்று. ஒரு தடவை கோயிலில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதை என்னிடமே சொன்னார். வேலனுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

ஆசிரியை மாற்றலாகிப் போகும் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு வகுப்பில் அவள் கட்டியிருந்த ஏப்ரனைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்தார். என் மனைவி கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டார். வெளியே பேசுகிறார்களே, அது அவர் காதுக்கும் போயிருந்தது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போது என்னிடம், அங்கிள், அன்றைக்கு ஒரு வீட்டில் கையெழுத்து வாங்கவில்லை என்றீர்களே, அவர்கள் மேல் நீங்கள் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீடு இதுதான் சிக்கு, இதோ இந்தச் சாமி மேடைதான் என்று. நான் கேட்டைத் திறந்து விட்டேன். அவர் கார் பின்னால் வரும்போது இடிக்காமல் இருக்கக் கை காட்டினேன்.

மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றும் இன்றும் அவள் என்னைக் குத்திப் பேசியதில்லை. அந்தக் கார் போன பிறகு மட்டும், “அந்தப் பொண்ணுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் குடுத்திருக்கணும்” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மகளுக்கு இப்போது இருபத்தொன்று. கடைக்காரர் கொடுத்த அட்டைகளைப் பெட்டியாக மடித்து அடுக்குவாள். முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துத் தட்டையாக்கி மறுபடியும் மடிப்பாள். மடித்த இடமெல்லாம் நைந்துபோய்விட்டது. நான் டேப் ஒட்டிக் கொடுக்கிறேன். புதன்கிழமை மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. காலையில் விபூதி வைத்துக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வேனில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். இறங்கச் சொன்னால் இறங்கமாட்டாள். மற்றப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும்வரை கூடவே வருவாள். ரொட்டிக் கடையைத் தாண்டும்போது, “ப்பா, இங்க” என்பாள். ஒரு தடவைதான் சொல்வாள். நான் வேகத்தைக் குறைக்காமல் போவேன். குறைத்தால் கதவைத் திறந்துவிடுவாளோ என்று பயம்.

நான் இப்போதும் அஷ்டமி நவமி பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. முருகன் முன்னால் நிற்கும்போது இதைச் செய், அதைக் கொடு என்று கேட்க வாய் வருவதில்லை. சும்மா நிற்கிறேன். அவனும் சும்மா இருக்கிறான். மகள் வந்து என் நெற்றியில் விபூதி இட்டு, போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறாள்.

ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது. அவரைப் பற்றிய பொய்க் கதை மட்டும் தமிழில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தமிழில் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் எங்கேயாவது அந்தக் கதையைக் கேட்டால், இதை அப்படியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு வியாழக்கிழமைப் போன் பேச்சை விட்டுவிடாதீர்கள். ஐந்து இருந்திருந்தாலும் மூடியிருப்பார்கள் என்று நீங்களாக முடித்து வைக்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. சாமியால் கெட்டது என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். உறை மூன்று நாளும் அவன் காலடியில் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய கை என்னுடையது. கூட்டாமல் குறைக்காமல், எழுதியிருப்பதை எழுதியபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள். நாள் பார்க்க வேண்டாம். கையில் கிடைத்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.